தோல்வி தானாகப் பாடம் நடத்தாது

நீட் முடிவு வெளியாகும் ஜூன் மாதத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு உறவினர் வந்தால், "கண்ணு, எத்தனை மார்க்கு?" என்றுதான் முதலில் கேட்பார். எதிர்பார்த்த மார்க் வரவில்லை என்று தெரிந்ததும், "அதனால என்னங்க, இன்னொரு வருசம் போட்டுப் படிக்கட்டும்" என்பார். இரண்டும் அன்போடு சொல்லப்படுபவைதான். ஆனால் அந்தக் கேள்விக்கும் இந்த ஆலோசனைக்கும் நடுவில் நடந்திருக்க வேண்டிய ஒரு வேலை நடக்காமலே போய்விடுகிறது. அந்தப் பிள்ளை எந்தக் கேள்விகளை விட்டது, எவற்றில் தவறியது, ஏன் தவறியது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மூன்று மணி நேரம், 180 கேள்விகள், 720 மதிப்பெண் என்று நடந்த தேர்வு கடைசியில் ஒரே ஓர் எண்ணாகச் சுருங்குகிறது. அந்த எண்ணை வைத்தே வீட்டில் எல்லா முடிவும் எடுக்கப்படுகிறது. தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். அதில் பாதிதான் உண்மை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். தோல்வி தானாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அதிலிருந்து கற்றுக்கொள்வது தனி வேலை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், முறை வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் எடுத்துக்கொள்ளும் இன்னொரு வருடம், பெரும்பாலும் போன வருடத்தையே திரும்ப நடத்துவதாக முடிகிறது.

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் சில சோதனைகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள் கொடுக்கப்பட்டன. சிலருக்கு அவர்கள் சரியாகச் சொன்னவற்றை மட்டும் தெரிவித்தார்கள். சிலருக்குத் தவறாகச் சொன்னவற்றை மட்டும் தெரிவித்தார்கள். இரண்டே விடைகள் என்பதால், "நீங்கள் சொன்னது தவறு" என்றாலே சரியான விடை எது என்று தெரிந்துவிடும். ஆக, இரு தரப்புக்கும் கிடைத்த செய்தி ஒரே அளவுதான். ஆனாலும் பிறகு அதே விஷயத்தில் சோதித்தபோது, தவறைக் கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன் தவறைக் கேட்கும்போது மனம் புண்படுகிறது, புண்பட்ட மனம் அங்கிருந்து விலகிப் போகிறது, செய்தி காதில் விழுந்தும் உள்ளே இறங்குவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். இதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் கண்டார்கள். அதே தவறு வேறொருவருடையது என்று காட்டியபோது, மக்கள் அதிலிருந்து நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அதாவது தவறுக்குள் பாடம் இருக்கிறது. அதை எடுக்கவிடாமல் தடுப்பது அது தன்னுடையது என்ற வலி. இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வலியைக் கூட்டும் பேச்சு எதுவாக இருந்தாலும், அது திட்டாக இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதாக இருந்தாலும், அந்தப் பிள்ளை தன் விடைகளைத் திரும்பிப் பார்ப்பதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது. திட்டினால்தான் உறைக்கும் என்று நம்புகிற பெற்றோர், தாங்கள் விரும்புவதற்கு நேர் எதிரான பலனைத்தான் பெறுகிறார்கள்.

சரி, திரும்பிப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? மார்க்தான் தெரிந்துவிட்டதே என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழிவு. விட்ட கேள்விக்கு ஒன்றும் இல்லை. ஒரு மாணவி 75 கேள்விகளுக்கு மட்டும் விடை குறிக்கிறாள். அத்தனையும் சரி. மீதி 105 கேள்விகளைத் தொடவில்லை. அவளுக்கு 300. ஒரு மாணவன் 180 கேள்விகளுக்கும் குறிக்கிறான். 96 சரி, 84 தவறு. 384-இல் 84 போனால் அவனுக்கும் 300. இருவர் வீட்டிலும் ஒரே எண்தான் வந்திருக்கிறது. அந்த மாணவன் 68 கேள்விகளுக்கு விடை தெரிந்து எழுதி, மீதி 112-ஐக் குருட்டாம்போக்கில் குறித்திருக்கலாம். நான்கு விடைகளில் ஒன்று சரி என்பதால், 112-இல் 28 சரியாகவும் 84 தவறாகவும் விழுவது இயல்பான கணக்கு. அப்படியானால் அவனுக்கு அந்த மாணவியைவிடக் குறைவாகவே தெரியும். இதற்கு மாறாக, அவன் 180 கேள்விகளையும் தெரியும் என்று நம்பியே எழுதியிருக்கலாம். அப்படியானால் அவன் பாடம் முழுவதையும் படித்திருக்கிறான்; ஆனால் 84 இடங்களில் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறான். மாணவிக்குத் தேவை விட்டுப்போன பாடங்களைப் படிப்பதும், ஓரளவு தெரிந்ததைத் துணிந்து குறிப்பதும். ஊகித்து எழுதியவனுக்குத் தேவை அடிப்படையிலிருந்து படிப்பு. தவறாகப் புரிந்தவனுக்கு இன்னும் அதிகப் படிப்பு உதவாது. படித்ததைத் திருத்த ஓர் ஆசிரியர் உதவுவார். 300 என்ற எண் இந்த மூவரையும் ஒருவராகக் காட்டுகிறது. அதைப் பார்த்து இன்னொரு வருடம் போடு என்று சொல்பவர், மூன்று வேறு நோய்களுக்கு ஒரே மருந்தைச் சீட்டில் எழுதுகிறார்.

இதைப் பிரித்துப் பார்க்கத் தேவையானவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. பல தேர்வுகளில் இந்த வசதி கிடையாது. நீட் எழுதிய பிள்ளை வினாத்தாள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை ஓஎம்ஆர் ஷீட்டின் படத்தையும் ஆன்சர் கீயையும் இணையத்தில் வெளியிடுகிறது. விடையில் சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டி மறுப்புத் தெரிவிக்கவும் வழி உண்டு. இந்த மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக நான்கு குவியலாகப் பிரிக்கலாம். உறுதியாகத் தெரியும் என்று எழுதித் தவறியவை ஒரு குவியல். இரண்டு விடைகளுக்குள் தடுமாறித் தவறியவை இன்னொன்று. ஒன்றும் தெரியாமல் குறித்தவை மூன்றாவது. விட்டுவிட்டவை நான்காவது. எந்தக் கேள்வி எந்தக் குவியல் என்பது தேர்வு எழுதிய பிள்ளைக்கு மட்டுமே தெரியும். எந்தக் கணினியும் அதைச் சொல்லாது. வினாத்தாளிலேயே ரஃப் ஒர்க் போட்ட இடங்களையும் பாருங்கள். இயற்பியல் கணக்கு ஒன்றுக்கு அரைப்பக்கம் எழுதி அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் விடை குறிக்காமல் விட்டிருந்தால், நேரம் எங்கே போனது என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். சூத்திரம் சரியாக இருந்து பெருக்கலில் தவறியிருந்தால் அதுவும் தெரியும். இந்த நான்கு குவியல்களில் முதலாவதுதான் விலைமதிப்பு மிக்கது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகவும் உறுதியாக நம்பிச் செய்த தவறுகளே, சரியான விடையைக் காட்டியவுடன் மற்றவற்றைவிட நன்றாகத் திருந்துகின்றன. நம்பிக்கை உடைந்த அதிர்ச்சியில் கவனம் கூர்மையாகிறது போலும். எதைப் பார்க்கப் பிள்ளைக்கு மிகவும் கூச்சமாக இருக்குமோ, அதைப் பார்ப்பதில்தான் பலன் அதிகம்.

தென்னை வைத்திருப்பவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். காய்ப்பு குறைந்தால் நீங்கள் உடனே உரத்தை இரட்டிப்பாக்குவதில்லை. மட்டையைத் திருப்பி வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்ப்பீர்கள்; வேர் வாடலா என்று பார்ப்பீர்கள்; குரும்பை உதிர்ந்தால் போரான் குறைவா என்று வேளாண் அலுவலரைக் கேட்பீர்கள். விளைச்சல் குறைவு ஒன்றுதான், காரணம் பல, வைத்தியமும் பல. தோப்புக்குக் காட்டும் இந்தப் பொறுமையைத்தான் பிள்ளையின் விடைத்தாளுக்கும் காட்டச் சொல்கிறேன். அப்படிப் பார்த்தால் நம் கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கண்ணில் படக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. நீட் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஏறத்தாழச் சரிபாதி. ஆனால் நாமக்கல்லை மையமாகக் கொண்டு வளர்ந்த, ஊர்மக்கள் பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்த விடுதிப் பள்ளிகளின் பாணியில், பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருடமும் அதையே நடத்தும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் பரவியது. பிளஸ் டூ பொதுத்தேர்வில் 1200-க்கு 1150 வாங்கிய பிள்ளைகள் நீட்டில் தடுமாறியதற்கு இது பெரிய காரணம். அரசும் இதை உணர்ந்தது. கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த கே.ஏ. செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்த 2017-இல்தான் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அடுத்த கல்வியாண்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வை மறுபடி நீக்கியிருக்கிறது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் பதினோராம் வகுப்புப் பாடம் பழையபடி கைவிடப்படுமோ என்ற கவலை எனக்கு உண்டு. அந்த இழப்பு பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டில் தெரியாது. நுழைவுத்தேர்வு எழுதும் நாளில்தான் தெரியும். ஆகவே நான்கு குவியல்களைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பதினொன்றா பன்னிரண்டா என்று எழுதிவிடுங்கள். தவறிய கேள்விகளில் பெரும்பகுதி பதினொன்றில் விழுந்தால், அந்த மார்க்குக்குப் பிள்ளையின் புத்திக்கூர்மையோடு பெரிய தொடர்பில்லை. நடத்தப்படாத பாடத்தின் விளைவு அது.

மார்க்கில் பிள்ளையைச் சேராத பகுதியும் உண்டு. அதையும் நேர்மையாகப் பிரித்துவிட வேண்டும். பொதுப்பிரிவில் ஒருவர் 150 மதிப்பெண் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் தகுதி மதிப்பெண் 137. அவர் தகுதி பெற்றவர். 2024-இல் அது 162. அதே 150-க்குத் தகுதி இல்லை. 2025-இல் 144, மறுபடி தகுதி உண்டு. அவருக்குத் தெரிந்தது மாறவில்லை. வினாத்தாளின் கடினமும் மற்றவர்களின் மார்க்கும் மாறின. 2024-இல் முதலில் 67 பேர் 720-க்கு 720 பெற்றதாக அறிவிப்பு வந்தது. 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் ரத்தாகி, அவர்களுக்கு மறுதேர்வு நடந்தது. இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு இரண்டு விடைகளை ஏற்றது தவறு என்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானதும், முழு மதிப்பெண் பெற்றவர்கள் 17 பேர் என்றானது. ஒரே ஒரு கேள்வியால் இத்தனை தரவரிசை புரண்டது. 2018-இல் தமிழில் எழுதியவர்களின் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் கருணையாக வழங்கச் சொன்னது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆக ஐந்து, பத்து மார்க் வித்தியாசத்தை வைத்து ஒரு பிள்ளையின் தரத்தை அளக்க முடியாது. இயற்பியலில் 45 கேள்விகளில் 30-ஐத் தொடவே இல்லை என்பது மாதிரியான பெரிய கோலம் மட்டுமே நம்பத்தகுந்த செய்தி. அதைத்தான் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். தேர்வே அநீதியானது என்னும்போது, பிள்ளையைத் தன் தவறைப் பார் என்று சொல்வது அநீதியை மூடி மறைப்பது ஆகாதா? நியாயமான கேள்வி. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கை, தமிழ்வழியில் படித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் நீட்டுக்கு முன் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருந்தது பிறகு இரண்டு, மூன்று அளவுக்கு இறங்கியதைக் காட்டியது. பணம் கட்டிப் பயிற்சி பெற முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் உள்ள தூரம் கூடியிருக்கிறது. சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தப் போராட்டம் நியாயமானது, தொடர வேண்டியது என்பதே என் கருத்து. ஆனால் அது குடிமக்களான நாம் செய்ய வேண்டிய வேலை. பதினேழு வயதுப் பிள்ளை ஜூன் மாதத்தில் எடுக்க வேண்டிய முடிவு வேறு. நான் சொல்லும் முறை அநீதியை மூடி மறைப்பதும் இல்லை. எந்தக் கேள்வி நடத்தப்படாத பாடத்திலிருந்து வந்தது, எது மொழிபெயர்ப்பில் குழம்பியது, எது தன் கவனக்குறைவு என்று பிரித்து எழுதும்போதுதான் அநீதியின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் தேர்வின் மேல் போட்டால் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. எல்லாவற்றையும் பிள்ளையின் மேல் போட்டால் அரசும் பள்ளியும் தப்பித்துவிடும்.

அடுத்த மறுப்பு, நம் ஊர்த் திண்ணைகளில் அதிகம் கேட்பது. "ரிப்பீட் போட்டவங்கதானுங்க சீட் வாங்கறாங்க" என்பார்கள். அதே ராஜன் குழு அறிக்கை இதற்கு எண்ணும் தருகிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. இதைப் பார்த்தால் இன்னொரு வருடம் போடுவதுதான் வழி என்று தோன்றும். ஆனால் இந்த எண் இடம் கிடைத்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. மறுமுறை எழுதியும் இடம் கிடைக்காதவர்கள் இதில் எங்கும் இல்லை. 2025-இல் தமிழ்நாட்டில் 1,35,000-க்கு மேற்பட்டோர் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் 76,000 பேர். அரசுக் கல்லூரி இடங்களோ ஏறத்தாழ ஐயாயிரம். தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பாலோருக்கு அரசு இடம் கிடைக்க வழியில்லை. அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது, மூன்றாவது வருடத்தைச் செலவழித்தவர்கள் என்பதை எந்தப் பயிற்சி மையத்தின் பிளெக்ஸ் பேனரும் சொல்வதில்லை. லாங் டெர்ம் படிப்பு எல்லோருக்கும் வீண் என்றும் நான் சொல்லவில்லை. பாடம் நடத்தப்படாமல் போன பிள்ளைக்கு, குடும்பத்துக்குக் கடன் ஏறாமல் முடியும் என்றால், ஒரு வருடம் நல்ல பலன் தரலாம். காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, அது ஒரு வருடத்தில் சரிசெய்யக்கூடியது என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு அது. காரணம் தெரியாமல் எடுத்தால், அதே புத்தகத்தை அதே முறையில் மறுபடி வாசிப்பதே படிப்பாகிவிடும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். நிறைய நினைவிருக்கும் என்று நம்பவும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்ததை மூடிவைத்துத் தாங்களே எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். மறுவாசிப்பு தெரிந்துவிட்டது என்ற நிறைவைத் தருகிறது. அந்த நிறைவு தேர்வு அறைவரை நிற்பதில்லை.

இன்னொரு வகை ஆறுதலும் உண்டு. கணித மேதை ராமானுஜனே எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவர்தானே என்பார்கள். அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றைக் கவனிக்காததால் அவர் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1906-இல் எஃப்.ஏ. எழுதித் தோற்றார். 1907-இல் தனியாக எழுதி மறுபடி தோற்றார். படிப்பு முறை மாறவில்லை, முடிவும் மாறவில்லை. அவர் வெற்றி பெற்றது மூன்றாவது முறை எழுதியதால் அல்ல. அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பிரித்துப் பார்க்கச் சிலர் இருந்ததால்தான் வழி திறந்தது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசுவாமி ஐயர் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் பார்த்து மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. எழுதியதைப் பிரித்துப் படிக்க ஆள் இருந்தார்கள் என்பதே அந்தக் கதையிலிருந்து நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் பகுதி. மேதைமை எல்லோருக்கும் வாய்க்காது. படிக்கும் ஆள் எல்லோருக்கும் வாய்க்கலாம். அது நம் கையில் இருக்கிறது.

வலியில் இருக்கும் பிள்ளையிடம் கணக்கு விரிப்பது கொடுமை அல்லவா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். முடிவு வந்த அன்றே செய்தால் கொடுமைதான். நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பரில் இழந்தோம். பிளஸ் டூவில் 1176 எடுத்த பெண். அவருக்குப் பிறகும் பல பிள்ளைகளை இழந்திருக்கிறோம். எந்தத் தேர்வும் அதற்கு ஈடாகாது. முடிவு வந்த நாட்களில் பிள்ளைக்குத் தேவை சாப்பாடும் தூக்கமும் கூட ஆளும்தான். தனியாக ஒதுங்குவதும், பேச்சு அற்றுப்போவதும், இனி இருந்து என்ன என்பது போன்ற பேச்சும் கண்ணில் பட்டால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். 104 என்ற உதவி எண்ணிலும், டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணிலும் பேச ஆட்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் அழைக்கலாம். மனம் ஓரளவு ஆறிய பிறகுதான் வினாத்தாளைத் திறக்க வேண்டும். அப்போதும் பெற்றோர் எதிரே உட்கார வேண்டாம் என்பது என் எண்ணம். முன்பு சொன்ன சிகாகோ ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். பிறர் தவறிலிருந்து கற்பது மனதுக்கு எளிது. தேர்வு எழுதிய இரண்டு தோழிகள் தாள்களை மாற்றிக்கொள்ளட்டும். இவள் அவளுடைய தவறுகளைக் குவியல் பிரிக்கட்டும், அவள் இவளுடையதை. ஒருத்தி ஏன் அந்த விடையைக் குறித்தாள் என்று மற்றவளுக்கு விளக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பாடம் தெரிந்த ஓர் ஆசிரியர் அருகில் இருந்தால் மீதியும் முடியும்.

குவியல் பிரித்த பிறகு, மருத்துவம் தனக்கு வேண்டாம் என்றோ இப்போதைக்கு முடியாது என்றோ ஒரு பிள்ளை முடிவெடுத்தால், அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். நம் ஊர்ப் பண்ணைக்கிணற்றில் 2020-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டில் அங்கே சேர நீட் மார்க் கேட்பதில்லை, பிளஸ் டூ மார்க்கே போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பிளஸ் டூ மார்க்கில்தான் சேர்க்கிறது. பொறியியல் நுழைவுத்தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாம் நீக்கிவிட்டோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடம் தனியாக உண்டு. ஆனால் இந்த விண்ணப்பங்களின் கடைசி நாள், நீட் முடிவு வரும் நாட்களை ஒட்டியே வருவதுண்டு. முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து இந்த வாசலையும் இழப்பது, இன்னொரு வருடம் போடும் கட்டாயத்தை நாமே உண்டாக்கிக்கொள்வது ஆகும். மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

உடுமலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஜூன் மாதத்தில் இரண்டு பிற்பகல்கள் ஒரு வகுப்பறையைத் திறந்துவையுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர்கள் பாடத்துக்கு ஒருவராக அங்கே இருக்கட்டும். நீட் எழுதிய பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் தங்கள் வினாத்தாளோடு வரட்டும். எந்தெந்தப் பாடத்தில் ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாகத் தவறுகிறார்கள் என்று எழுதிவைத்தால், அடுத்த ஆண்டுப் பதினோராம் வகுப்புக்கு அதைவிட நல்ல பாடத்திட்டக் குறிப்பு வேறெங்கும் கிடைக்காது. அமராவதி நகர் சைனிக் பள்ளிக்குப் பத்து வயதில் நுழைவுத்தேர்வு எழுதும் குழந்தைகளுக்கும் இதே வழக்கத்தைத் தொடங்கலாம். சிறு வயதில் பழகினால் பெரிய தேர்வில் பயம் குறையும். பெற்றோர்களே, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை, பிள்ளையின் நான்கு குவியல்களையும் எழுதிய அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தத் தாள் இன்னும் எழுதப்படவில்லை என்றால், பணத்தைக் கட்டாதீர்கள்.